கண்ட்ரோல் பாத்தி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடு. அத்தனை வீட்டுக்கும் அவள் கீரைம்மா. ஜெயக்கொடி என்ற பெயர் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நான் தபீதாள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல் தலைகாட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் கோளாறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒருத்தியின் வயிற்றில் அடித்தது.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு மேற்கே உள்ளே வந்தால், எங்கள் கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் நடுவே அறுபது சென்ட் நிலம். ஒரு செங்கல் கிணறு, ஒரு மோட்டார், மீதியெல்லாம் கீரைப் பாத்தி. வீடு வாங்கும்போது புரோக்கர் எங்களிடம், "இந்த வியூ போகாது மேடம்" என்று சொன்னது அதைக் காட்டித்தான். நிலம் சுப்பராயலுவுடையது. பழைய ஊர்க் குடும்பம், இப்போது ரோட்டோரம் ஹார்டுவேர் கடை. பயிர் வைத்தது ஜெயக்கொடி.

அவள் பிறந்தது கோவிலம்பாக்கத்தில். அப்பா ஊரார் நிலத்தில் உழுதவர். அவள் வயதுக்கு வருவதற்குள் அங்கே நிலமெல்லாம் மனையாகிவிட்டது. பத்தொன்பது வயதில் பாலுவுக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தாள். பாலுவின் குடும்பம் சுப்பராயலுவின் அப்பா காலத்திலிருந்து வாரத்துக்குப் பயிர் வைத்தது. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பதினோரு வருஷம் முன்னால் பாலு கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்தார். பொழிச்சலூரில் கட்டிக்கொடுத்த மகள் அனுப்பிரியா வந்து கூப்பிட்டபோது இவள் போகவில்லை. "அங்க வந்து இன்னா செய்யறது? தலைக்கு மேல ஏரோப்ளேன எண்ணிகினு குந்திகினு கெடக்கறதா?" என்று கேட்டாளாம். பதினோரு வருஷமாகத் தனியாகத்தான் மண்வெட்டி பிடித்தாள்.

விடியுமுன் பறிப்பாள். ஆறு மணிக்கெல்லாம் ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே அன்னக்கூடையோடு உட்கார்ந்திருப்பாள். எட்டரைக்கு எங்கள் கட்டிடத்துக்கு வருவாள். கட்டைப் பிரித்துப் பார்ப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. பூச்சி அரித்த இலையைக் காட்டி முகம் சுளித்த ஒரு புது மருமகளிடம், பூச்சியே தின்னாத கீரையை நீ எப்படித் தின்பாய் என்று கேட்டு வாயை அடைத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவளுடைய பாத்திகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன. நாலு வரிசை அரைக்கீரை, நடுவில் ஒரு வரிசை துவரை, மறுபடி நாலு வரிசை சிறுகீரை. துவரையைக் காய் பறித்ததும் பிடுங்க மாட்டாள். இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் நிற்கும். இவ்வளவு பெரிய செடி பக்கத்தில் நின்றால் கீரைக்கு உள்ள தண்ணீரையும் அது குடித்துவிடாதா என்று கேட்டேன்.

"கீர மொகத்துல குடிக்கும் டீச்சர். தொவர காலுல குடிக்கும். ரெண்டுக்கும் சண்டையே வராது. ரொம்ப நெருக்கமா வெச்சாதான் தகராறு." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம் போல இன்னொன்றும் சொன்னாள். சித்திரை வெயிலில் நாலு நாள் மோட்டார் ஓடாமல் போனாலும், துவரை ஓரத்துக் கீரை மத்தியானம் தலை சாய்ந்து காலையில் எழுந்துவிடும். விடியற்காலையில் அங்கே விரலை விட்டால் மண் ஜில்லென்று இருக்கும். தள்ளி இருக்கிற பாத்தியில் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது இதை ஜெபசீலனிடம் சொன்னேன். எங்கள் சபைப் பிள்ளை. ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவன். முன்பெல்லாம் அவனைப் பற்றி எழுதினால் அவர், இவர் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது இது போதும். கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, "அக்கா, அந்தம்மா சொல்றது நிஜம். அதை வயல்ல காட்டத்தான் நான் இடம் தேடிட்டு இருக்கேன்" என்றான்.

அவன் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். கீரையின் வேர் ஒரு சாண், ஒன்றரைச் சாண். துவரையின் ஆணிவேர் ஓர் ஆள் ஆழம் போகும். பகலில் இலை நீராவியை விட்டுக்கொண்டே இருப்பதால் வேர் உறிஞ்சியதெல்லாம் மேலே போய்விடும். இரவில் இலையின் துளைகள் மூடிக்கொள்ளும், இழுப்பு நின்றுபோகும். ஆனால் அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருப்பதால், அடியில் உறிஞ்சிய தண்ணீர் மேலே உள்ள பக்கவேர்கள் வழியாக உலர்ந்த மண்ணில் கசிந்துவிடும். துவரை தர்மம் செய்வதாக நினைக்க வேண்டாம். காய்ந்த மண் இழுக்கிறது, வேர் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். விடிவதற்குள் அந்த ஈரத்தில் பாதியைத் துவரையே திரும்ப எடுத்துக்கொள்ளும். மீதி பக்கத்தில் இருக்கும் கீரைக்கு.

அந்தச் சமயத்தில்தான் சுப்பராயலு நிலத்தை அளக்க ஆள் அனுப்பியிருந்தார். ஜெயக்கொடி நடுங்கிப்போய் என்னிடம் வந்தாள். பயிர் வைக்கிற குத்தகைதாரர் என்று வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அவளை அவ்வளவு சுலபமாகக் கிளப்ப முடியாது என்று விசாரித்துச் சொன்னேன். பெயர் ஏற வேண்டுமென்றால் அந்த மண்ணில் அவள்தான் பயிர் வைக்கிறாள் என்பதற்கு ஏதாவது எழுத்து வேண்டும். அவளிடம் எழுத்து என்று இருந்தது பாலுவின் இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

நான்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன். ஜெபசீலனின் ஆராய்ச்சி இந்த நிலத்தில் நடந்தால், அறிக்கையில் அவள் பெயரும் பயிரும் வரும். கல்லூரி முத்திரையோடு வருகிற காகிதத்தை விட வேறென்ன சாட்சி வேண்டும்? ஜெபசீலன் என் முன்னாலேயே அவளுக்கு வாக்குக் கொடுத்தான். சுப்பராயலுவும், படித்தவர்கள் வந்து போகிற இடம் என்றால் நிலத்துக்கு மவுசு கூடும் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்றுவிட்டார்.

மூன்று பாத்திகள் பிரித்தான். துவரை மட்டும் ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று, வாசல் கேட்டுப் பக்கம் கீரை மட்டும் ஒன்று. ஈரம் காட்டும் குழாய்களை அடிக்கொன்றாக மண்ணில் இறக்கினான். பங்குனியிலிருந்து மூன்று பாத்திக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்றான். கேட்டுப் பக்கத்துக் கீரை செத்துப்போகும், போகட்டும், மற்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கண்ட்ரோல் அது என்றான்.

ஜெயக்கொடிக்கு அது மட்டும் இறங்கவில்லை. விதைத்ததைப் பட்டினி போடச் சொன்னால் எந்தக் கை ஒப்பும்? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போய்ச் சமாதானம் செய்தேன். கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். "எங்கம்மா ரேஷன் கடைய கண்ட்ரோலுன்னுதான் சொல்லும். அங்க அரிசிய அளந்து நிறுத்துவான். இங்க தண்ணிய நாம நிறுத்தறோம். அதானே?" அதேதான் என்று ஜெபசீலன் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பாத்திக்கு அவள் வைத்த பெயர் கண்ட்ரோல் பாத்தி. தினம் அதைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள்.

சித்திரையில் அவன் ஒரு குழாய் வழியாக ஐந்தடி ஆழத்தில் அடையாளமிட்ட தண்ணீரை ஊற்றினான். சாதாரணத் தண்ணீர்தான், ஆனால் கொஞ்சம் கனமானது. கருவியில் வைத்தால் மட்டும் தனியாகத் தெரியும். துவரை ஓரத்துக் கீரைத் தண்டை ஐந்து நாள் விடியற்காலையில் பறித்துக்கொண்டு போனான். அந்த வரிசையை விற்கக்கூடாது என்று ஜெயக்கொடி தானாகவே கயிறு கட்டிவிட்டாள். ஒரு வாரம் கழித்து ஜெபசீலன் ஓடி வந்தான். ஐந்தடி ஆழத்தில் ஊற்றிய தண்ணீர், ஒரு சாண் வேர் உள்ள கீரைக்குள் இருந்தது. கண்ட்ரோல் பாத்தியில் அரையடி ஆழத்தில் நூற்றுக்கு நாலு பங்கு ஈரம். கலந்த பாத்தியில் ஏழு. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். ஜெயக்கொடி, "இத்தத்தான நான் அப்பவே சொன்னேன்" என்றுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டாள்.

பிறகுதான் என் பங்கு. உழவர் கூட்டத்தில் கொடுக்கவும், வருவாய் அலுவலகத்தில் ஜெயக்கொடியின் மனுவோடு வைக்கவும் தமிழில் இரண்டு பக்கம் வேண்டும் என்றான். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கண்ட்ரோல் என்ற சொல்லில் என் பேனா நின்றது. அதை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒப்பீட்டுப் பாத்தி என்று போட்டேன், மொட்டையாக இருந்தது. அடித்துவிட்டு, எதுவும் கலக்காத, எதுவும் செய்யாத நிலம் என்ற பொருள் வரட்டும் என்று 'இயல்பு நிலை' என்று எழுதினேன். முதல் பக்கம், இயல்பு நிலையில் ஈரம். இரண்டாம் பக்கம், ஊடுபயிரில் ஈரம். அடியில் தமிழாக்கம் தபீதாள் என்று கையெழுத்து. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று ஜெபசீலன் சொன்னான். நான் உச்சி குளிர்ந்து போனேன்.

அடுத்த வருஷம் விசாரணைக்கு நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் இடம் பார்க்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். ஜெயக்கொடி ரயில் நிலையத்தில் இருக்கிற நேரம். சுப்பராயலு அவரைக் கேட்டருகே நிற்க வைத்து, காய்ந்து வெடித்துக் கிடந்த கண்ட்ரோல் பாத்தியைக் காட்டி அனுப்பிவிட்டார். இரண்டாம் வருஷச் சோதனைக்காக அதை அப்போதுதான் மறுபடி பட்டினி போட்டிருந்தோம். போனால் போகிறது, ஜெபசீலன் வந்து சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளைத் தேற்றினேன். கண்டிப்பாக வருகிறேன் என்று அவன் போனில் சொல்லியிருந்தான்.

வந்தான். வந்து சுப்பராயலுவின் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. இடமில்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக் கையைக்கூட ஆட்டினேன். அவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுப்பராயலுவின் வக்கீல் ஒரே ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கல்லூரி முத்திரை, ஜெபசீலனின் கையெழுத்து, அடியில் என் பெயர். முதல் பக்கம் மட்டும். எங்கள் மனுவோடு போக வேண்டிய இரண்டு பக்கங்களையும் நானே கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிப் போனவன் அவன்தான். எங்கள் மனுக் காகிதக் கட்டுக்குள் அது இல்லவே இல்லை.

அதிகாரி நிதானமானவர். வாசித்தார். இந்த நிலம் இயல்பு நிலையில் மேல்மண் ஈரமற்றது, கீரை போன்ற பயிர்கள் மூன்று வாரத்தில் மடிந்துவிடுகின்றன என்று நான் கோத்த வாக்கியங்கள் அந்த அறையில் கணீரென்று ஒலித்தன. வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். பயிருக்கு லாயக்கில்லாத தரிசு; இந்தம்மா காவலுக்கு இருந்தவர்; கிணற்றடியில் நாலு கீரை போட்டுக்கொள்ளத் தயவில் விட்டது. நேரில் பார்த்தவரும் காய்ந்த மண்ணைத்தான் பார்த்திருக்கிறார்.

நான் எழுந்து நின்று, இரண்டாம் பக்கம் இருக்கிறது ஐயா, அதை மறைக்கிறார்கள் என்றேன். அதிகாரி ஜெபசீலனைக் கேட்டார்.

"அது டிரையல் சார், இன்னும் முடியலை. இந்த அளவெல்லாம் சரியானதுதான். இயல்பு நிலைன்னு டீச்சரே எழுதியிருக்காங்க."

என் சொல். என் வாயிலிருந்து போனதை எடுத்து என் முகத்திலேயே வீசினான். அது தவறான சொல், அங்கே நாங்களே தண்ணீரை நிறுத்தினோம் என்று கத்தினேன். நீங்கள் தாவரவியல் படித்தவரா என்று அதிகாரி கேட்டார். தமிழாசிரியை என்றேன். கையெழுத்து உங்களுடையதுதானே அம்மா என்றார். ஆமாம் என்றேன். வேறு எழுத்து ஏதாவது உண்டா என்று ஜெயக்கொடியைக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முன்னால் வைத்த காகிதத்தைத்தான் அவர் படித்தார். பெயரைப் பதிய ஆதாரம் போதாது என்று அன்று பிற்பகலே சொல்லிவிட்டார்.

வெளியே படிக்கட்டில் ஜெபசீலனை மறித்தேன். என்னைத் தாண்டிப் போக முடியாமல் நின்றான். அவனுக்கு வந்த நெருக்கடி இதுதான்: இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால் குழாய்களைப் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்று சுப்பராயலு சொன்னாராம். இரண்டாம் வருஷ அளவு இல்லாமல் எந்த ஆராய்ச்சி இதழும் கட்டுரையை எடுக்காதாம். மழைக்காலம் வரை விட்டுவைப்பதாகச் சுப்பராயலு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையேக்கா. உள்ள நம்பரைத்தானே கொடுத்தேன்" என்றான். சபையில் என் பக்கத்தில் நின்று பாடியவன், அவள் கையால் எத்தனையோ நாள் டீ வாங்கிக் குடித்தவன், நாலு மாத அளவுக்காக நம்ப வைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவற்றில் ஒன்றுகூட நல்ல தமிழ் இல்லை.

அவன் போன பிறகுதான் ஜெயக்கொடி பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அவள் அழவில்லை. அந்தத் துரோகியைச் சும்மா விடக்கூடாது, கல்லூரிக்கு எழுதுவோம், மேல்முறையீடு போடுவோம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வாசித்தார்களே, அது நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் நான் நினைத்த பொருள் வேறு என்று ஆரம்பித்தேன்.

"பொருளு கெடக்கட்டும் டீச்சர். மூணு நாளு எழுதிகினு இருந்தீங்க. நான் தெனம் உங்க வூட்டு வாசல்லதான் வந்து நின்னேன். ஒருவாட்டி என்னாண்ட படிச்சுக் காட்டிருக்கலாம்ல?"

படித்துக் காட்டியிருந்தால், இது இயல்பு இல்லை டீச்சர், நாம பட்டினி போட்டது என்று அங்கேயே திருத்தியிருப்பாள். அது எனக்கு அந்தப் படிக்கட்டில் தெரிந்தது. மூன்று நாளும் கீரையை வாங்கிக்கொண்டு, வேலையாக இருக்கிறேன் என்று கதவைச் சாத்தியது நான்தான்.

அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன் என்பதை அவளிடமே எப்படிச் சொல்வது?